இடப்பக்கம் திரும்பிய நத்தை

1.

இந்தக் கதை முழுக்க என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் வெயிலுக்கு ஒதுங்கினேன். உள்ளே மாணவர்களின் ஓவியக் கண்காட்சி. சுவரில் ஒரு நத்தை. ஓடு முழுவதும் வெறும் மைப்புள்ளிகளால் வரைந்தது. தொட்டால் கொம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் போல இருந்தது. அடியில் பென்சிலில் இரண்டு வரிகள். முதல் வரி இது: ‘உண்மையில் இதன் வாய் வலப்பக்கம். படம் திரும்பிவிட்டது.’

இரண்டாவது வரியைப் பிறகு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதிலிருந்துதான் எனக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தன. மற்றதெல்லாம் என் கற்பனை.

2.

தொடக்கம் ஒன்று: மருதமலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில் லோகப்பிரியா

(வேண்டாம். கதைக்குத் தேவைப்படும்போதெல்லாம் மேகம் இறங்குகிற மலையை நான் நம்புவதில்லை.)

தொடக்கம் இரண்டு: லோகப்பிரியா இயற்கை வரலாற்று ஓவியம் படிக்கிறாள். (அப்படி ஒரு படிப்பு உண்டா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் உண்டு.) கடைசி வருடம். தேறாவிட்டால் பாங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அப்பா சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசை ரைஹானுடையது. மழை பெய்த மறுநாள், போத்தனூரில் தன் வீட்டு மதில்மேல் ஊர்ந்த நத்தையை ஒரு டப்பாவில் போட்டு அவளுக்காகக் கொண்டுவந்தான்.

“ஏனுங்க அம்மணி, மாடல் வந்திருக்குதுங்க.”

“மாடலுக்குக் கீரை வாங்கியாந்தீங்களா?”

இந்த ‘ங்க’ எல்லாம் விளையாட்டுக்கு. விளையாட்டு முடிந்தால் வாடா, போடிதான்.

எனக்கு இருவரையும் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கதை எழுதுகிறவனுக்கு இது நல்லதல்ல.

3.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். முதலில் டிரேசிங் தாளில் பென்சிலால் வரைவார்கள். பிறகு அந்தத் தாளின் பின்பக்கத்திலும் அதே கோடுகளை ஓட்டி, பின்பக்கம் கீழே இருக்கும்படி நல்ல தாளின்மேல் வைத்துத் தேய்த்தால் படம் அதில் ஏறிவிடும். லோகப்பிரியா அன்று அவசரத்தில் பின்பக்கம் கோடு ஓட்டவில்லை. முன்பக்கத்தையே கவிழ்த்துத் தேய்த்துவிட்டாள். பூவாக இருந்தால் யாருக்கும் தெரியாது. நத்தை அப்படியல்ல. ஓட்டின் வாய், அதாவது நத்தை வெளியே வரும் திறப்பு, நம்மைப் பார்க்க, உச்சியை மேலே வைத்துப் பார்த்தால் அநேகமாக எல்லா நத்தைக்கும் அந்த வாய் வலப்பக்கம்தான் இருக்கும். அவளுடையதற்கு இடப்பக்கம் வந்துவிட்டது.

(நத்தை கண்ணெதிரிலேயே இருந்ததே, எப்படித் தெரியாமல் போகும் என்கிறீர்களா? புள்ளி வைக்கிறவர்கள் ஓட்டில் ஓர் அரிசி அளவு இடத்தைத்தான் பார்ப்பார்கள். முழு நத்தையைப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?)

ஆனால் ரைஹான் பார்த்தான். பாதி ஓடு முடிந்திருந்தபோதே பார்த்துவிட்டான்.

4.

அவன் ஏன் சொல்லவில்லை? பொறாமை என்று ஒரு பக்கம் எழுதினேன். ஒட்டவே இல்லை. தினமும் கீரை வாங்கி வருகிற பையனுக்குப் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கிழித்துப் போட்டுவிட்டேன்.

படத்தை ஒப்படைக்க வேண்டிய காலை. வகுப்பில் வேறு யாருமில்லை.

“லோகு, ஒண்ணு சொல்லோணும்.”

“சொல்லு.”

“அந்த நத்தையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்துல வெய்யி.”

வைத்தாள். முதன்முறையாக முழு நத்தையையும் பார்த்தாள். காது சிவந்துவிட்டது.

“நீ எப்படா பாத்தே?”

“பாதி வரைஞ்சப்பவே.”

“பாத்துப்போட்டு இத்தனை நாளு கம்முனு இருந்தியா?”

“நீ பாட்டுப் பாடிட்டே புள்ளி வெச்சுட்டிருந்தே லோகு. நிறுத்தச் சொல்ல மனசு வரல. அப்புறம் நாளாக நாளாகச் சொல்றதுக்குப் பயமாப் போச்சு.”

அவள் பென்சிலை எடுத்தாள்.

5.

முடிவு ஒன்று: அது உண்மையிலேயே அபூர்வமான இடப்பக்க நத்தை. (பேராசிரியர் கை தட்டுவார். நான் வெட்கப்படுவேன்.)

முடிவு இரண்டு: அவள் படத்தைக் கிழித்து

(முடியாது. முழுசாகச் சுவரில் பார்த்தேனே. மாட்டியிருக்கிறார்கள் என்றால் தேறியும் இருப்பாள். பாங்க் பரீட்சை பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் அந்த இரண்டு மேசைகளைப் பற்றித்தான். நாளைக்கும் அவை பக்கத்தில் பக்கத்தில் கிடக்குமா?)

இப்போது அந்த இரண்டாவது வரி: ‘வரைந்தது: லோகப்பிரியா. பார்த்தது: ரைஹான்.’

கோபத்தில் எழுதினாளா, பிரியத்தில் எழுதினாளா? சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். எழுத்து அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

6.

படத்தை ஒப்படைத்த அன்று மாலை. நத்தையை அதன் மதிலிலேயே விட்டுவிட வேண்டும். போத்தனூர் டவுன் பஸ்ஸில் லோகப்பிரியா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் டப்பா. பக்கத்து சீட்டில் அவள் பை. ரைஹான் ஓடிவந்து ஏறுகிறான், மூச்சு வாங்குகிறது.

“உக்காரட்டுங்களா?”

இந்த ‘ங்க’ விளையாட்டுக்கு இல்லை. அது அவளுக்கும் தெரிகிறது. பையின் வாரில் கை வைத்து

இதற்கு மேல் நான் எழுதினால் பையை எடுக்கவைத்துவிடுவேன். என் பிரியம் அப்படி. அது அவள் முடிவாக இருக்காது. நீங்கள் அவளை இப்போதுதான் பார்க்கிறீர்கள், உங்களுக்கு ஓரவஞ்சனை இருக்காது.

பஸ் கிளம்பிவிட்டது. அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். பையை எடுத்தாளா இல்லையா, சீக்கிரம் சொல்லுங்கள்.