மேல் பெட்டிச் சக்கரம்

மெக்கானிக் சக்கரத்தின் கம்பியைச் சுட்டுவிரலால் சுண்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். இறுக்கமான கம்பி 'டிங்' என்னும். தளர்ந்த கம்பி 'டொப்' என்று அடங்கிவிடும். இருபத்திரண்டு வருஷமாக வளைந்த சக்கரங்களைக் கோட்டம் எடுத்து நேராக்கிய காது அது.

"என்ன மாமா, சக்கரத்துக்கு ஜுரமா?"

பட்டறைக் கொட்டகை வாசலில் கொழுந்தியாள் நின்றாள். அவர் வேலை பார்க்கும் சுகாதாரத் துறையிலேயே அவள் நர்ஸ். ஜீப் ஏறாத மேட்டுக் குடியிருப்புகளுக்கு மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை சைக்கிளில் போகும் இருபது பேரில் ஒருத்தி.

"உன் ஸ்டெதாஸ்கோப்பைக் குடு, இன்னும் நல்லாக் கேக்கும்."

பழைய சக்கரங்கள் மாதத்துக்கு ஒன்று வளைந்ததால், புதிதாக வாங்க நல்லதாக ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி அவரிடம் கேட்டிருந்தார்கள். மூன்று மாதம் அலசி, பகட்டில்லாத ஒரு கறுப்புச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"இதைவிட இலேசா ஒண்ணு சிவப்புல பார்த்தேனே?"

"அது பந்தயக்காரனுக்கு. நீங்க சுமையோட கல்லுல எறங்குற ஆளுங்க. இதுல முப்பத்திரண்டு கம்பி. ரிம்முக்குள்ள குறுக்கே இன்னொரு சுவர் ஓடுது, அதான் மடங்காது. நடுவுல இருக்கற ஹப்பை நானே பிரிச்சு கிரீஸ் வெச்சுக்கலாம். விலையும் கட்டுப்படியாகும். அஞ்சு வருஷம் என்னைத் தேட மாட்டீங்க."

"தேடலைன்னா உங்க வேலை என்னாகும்?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பெட்டிக்கு ஒரு ஜோடியாக இருபது பெட்டிகள் வந்து இறங்கின. அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்கின் மேலே இருக்கும் பெட்டியை மட்டும் பிரித்துச் சோதிப்பார்கள். அது சரி என்றால் மொத்தத்துக்கும் கையெழுத்து. அப்படி எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை.

மேல் பெட்டி தங்கம். அந்த ஜோடியைக் கொழுந்தியாளுக்கென்று ஒதுக்கி வைத்தார். அடுத்தது ரெட்டைப் பின்னலுக்கு. புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. அவள் வண்டிதான் ரொம்ப மோசமாக இருந்தது. அந்த ஆசையில்தான் இரண்டாவது பெட்டியைப் பிரித்தார்.

கையில் எடுத்ததுமே எடை குறைவாகத் தெரிந்தது. அதே கறுப்பு, அதே ஸ்டிக்கர். ரிம்மின் உள்பட்டையை உரித்தார். குறுக்குச் சுவர் இல்லை. கம்பியைச் சுண்டினார். டொப். மூன்றாவது, நான்காவது, எல்லாமே டொப்.

அவர் போய்ச் சொன்னபோது ஸ்டோர் அதிகாரி தலை நிமிரவில்லை. "மேல் பெட்டி சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். ஆனா கீழே..."

"கீழே எதுக்குய்யா போனீங்க?"

அதிகாரி மேஜையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று, சரக்கு தரமானது என்ற சான்று. இன்னொன்று, மெக்கானிக்கின் ஒப்பந்தத்தை மேலும் ஒரு வருஷம் நீட்டிக்கும் உத்தரவு.

"ரெண்டும் இன்னிக்கே மேலே போகணும். முதல்ல எதுல கையெழுத்துப் போடுறீங்க?"

மெக்கானிக் இரண்டிலும் போட்டார்.

நல்ல ஜோடி கொழுந்தியாள் வண்டியில் ஏறியது. மற்றவற்றுக்குக் கம்பிகளை அரைத் திருகு கூடுதலாக முறுக்கினார். நம்மால் ஆனது என்று சொல்லிக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதியானதும், மற்ற பத்தொன்பது பேரின் முகங்களும் மனத்தில் கொஞ்சம் மங்கிப்போயின.

ஏழாவது வாரம், ஒரு சரிவின் வளைவில் ரெட்டைப் பின்னலின் முன்சக்கரம் குடை மாதிரி மடங்கியது. பின்னாலேயே அதே கல்லில் இறங்கி வந்த கொழுந்தியாள்தான் அவளைத் தூக்கினாள். முதுகெலும்பு. இனி நடக்க முடியாது என்றார் டாக்டர்.

காரணம், அதிவேகம் என்றது விசாரணை அறிக்கை. சக்கரம் தரமானது என்பதற்கு மெக்கானிக்கின் சான்றை இணைத்திருந்தார்கள். மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவர், நடந்ததையெல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அந்தக் கடிதம் 'தகுந்த நடவடிக்கைக்காக' ஸ்டோர் அதிகாரியின் மேஜைக்கே இறங்கி வந்தது. அவர் தகுந்த நடவடிக்கை எடுத்தார்: புது மெக்கானிக் வந்தார்.

பழைய மெக்கானிக் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தியாள் உள்ளே வந்தாள். ஒரு கையில் மடங்கிய சக்கரம், மறு கையில் தன்னுடையது. இரண்டிலும் உள்பட்டை உரிந்திருந்தது; அவளுடையதில் மட்டும் குறுக்குச் சுவர் தெரிந்தது.

"ஒரே நாள் வந்தது. ஒரே கல்லு. என்னோடது ஏன் மாமா மடங்கல?"

அவர் திருகு சாவிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

"தெரியாமப் போட்டீங்கன்னுதான் நெனைச்சேன். எனக்கு மட்டும் பார்த்து நல்லதைப் போட்டிருக்கீங்களே. அப்ப தெரிஞ்சிருக்கு."

"மேலே லெட்டர் எழுதினேம்மா. எல்லாத்தையும் எழுதிட்டேன்."

"அதை அன்னிக்கே எழுதியிருந்தா, அவ நடந்து வந்து படிச்சிருப்பா."

வெளியே வேன் வந்து நின்றது. அதே கம்பெனியின் அடுத்த சரக்கு. புது மெக்கானிக் மேல் பெட்டியைப் பிரித்துக் கம்பியைச் சுண்டினார். டிங்.

"கீழே இருக்கறதைப் பிரிங்க தம்பி," என்றார் பழையவர். "தயவுசெஞ்சு பிரிங்க."

புதியவர் அதிகாரியின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் குடும்பம் இருக்குண்ணே," என்று பேனாவைத் திறந்தார்.

கொழுந்தியாள் தன் நல்ல சக்கரத்தைத் தரையில் வைத்தாள்.

"பாத்தீங்களா மாமா? திருடுறவன் ரெண்டு பேருதான். நம்ம வீட்டு ஆளு தப்பிச்சாப் போதும்னு கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுற நல்லவங்கதான் நெறைய. அந்த நல்லவங்க இருக்கற வரைக்கும் திருடனுக்குப் பயமே இல்ல."

மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் நடந்தே மேடேறத் தொடங்கினாள்.