எட்டு பைட், ஐந்து மதகு

பகல் பதினொன்றரை. பன்னிரண்டரைக்குள் அணையில் எத்தனை மதகு திறப்பது என்று வெள்ளக் கணிப்பு அறை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விதிப்படி ஐந்தும் திறக்கும், கீழத்தெரு மூழ்கும். கீழத்தெருவில்தான் பட்டாசின் அக்கா வீடு.

பட்டாசு என்பது அந்தப் பெண் பொறியாளருக்கு அலுவலகம் வைத்த பெயர். பொசுக்கென்று வெடிப்பாள். இன்று வெடிக்கவும் தெம்பில்லை. நேற்றைய இடியில் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. பிழைத்தது டிஸ்க் மட்டும். வெள்ளத்தைக் கணிக்கும், ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய புரோகிராமைப் புது மெஷினில் மறுபடி உருவாக்க வேண்டும்.

லைப்ரரியைக் காணோம் என்றது மெஷின். பெரிய சமன்பாடுகளைப் போட்டுத் தரும் பொதுவான புரோகிராம் தொகுப்பு அது. பழைய டிஸ்கில் அது இருக்கும் இடத்தைக் காட்டி இணைத்தாள். ஓடியது. விடை: ஆற்றின் ஆழம் மைனஸ் நாலாயிரம் அடி.

"ஆறு பாதாளத்துக்கே போயிடுச்சா மேடம்?" என்றார் வயர்லெஸ்காரர்.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்கண்ணே. புரோகிராமைக் கட்டித் தர்ற கம்பைலருக்கு ஏதோ ஒரு ஃபிளாக் குடுக்கணும், இப்படித்தான் கட்டணும்னு ஒரு உத்தரவு. அது எழுதியிருந்த ஃபைலை நான்தான் போன மாசம் குப்பைன்னு அழிச்சேன்."

போன் அலறியது. அக்கா.

"அடியே, மாமனாரை மாடிக்குத் தூக்கணுமா? இப்பதான் இடுப்பெலும்பு கூடியிருக்கு. அசைச்சா மறுபடி விட்டுடும்னு டாக்டர் சொன்னாரு."

"அரை மணி நேரம் பொறுக்கா."

பழைய டிஸ்கிலிருந்த புரோகிராம் பழைய சிஸ்டத்துக்கென்றே கட்டியது, புது மெஷினில் ஓடாது. ஓடாவிட்டால் என்ன, உள்ளே எட்டிப் பார்க்கலாமே! அதற்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் வடிகட்டித் தரும் கட்டளையைத் தட்டினாள். திரை முழுக்கக் குப்பை. நடுவே ஒரே ஒரு வரி, முழுசாக.

கட்டும்போது கொடுத்த அத்தனை ஃபிளாக்கும்! அவற்றைப் புரோகிராமுக்குள்ளேயே பதியச் சொல்லியிருக்கிறார், கட்டியவர். கட்டியவர் சிடுமூஞ்சி. போன வருடம் மாற்றலாகிப் போகும்வரை பட்டாசுடன் தினமும் மல்லுக்கு நின்றவர்.

வரியின் கடைசியில் இருந்தது விஷயம்: முழு எண் ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட் இடம். இவள் கட்டியதில் நாலுதான். எட்டை எதிர்பார்த்து இரண்டு எண்ணை ஒன்றாகப் படித்த லைப்ரரி உளறாமல் என்ன செய்யும்?

ஃபிளாக்கைச் சேர்த்தாள். பன்னிரண்டு இருபதுக்கு விடை வந்தது: இப்போது இரண்டு மதகு, இரண்டு மணிக்கு மூன்றாவது. வயர்லெஸ்காரர் அணைக்குக் கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது.

"அக்கா, தூக்க வேண்டாம். தண்ணி வாசப்படியோட நின்னுடும்."

"நிச்சயமாடி?"

"நிச்சயம்."

சொல்லிவிட்டாளே தவிர, நாலு மணிவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நாலேகாலுக்கு அக்கா அழைத்தாள். முதல் படி நனைந்து, தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது.

உடனே சிடுமூஞ்சியைப் போனில் பிடித்தாள்.

"எதைக் கெடுத்த?" என்றார் எடுத்த எடுப்பில்.

"உங்க ஃபைலை அழிச்சிட்டேன் சார்."

"நீ அழிப்பேன்னு தெரியும். அதான் உள்ளயே எழுதி வெச்சேன்."

அக்கா மாமனாரையும் சேர்த்து நடந்ததையெல்லாம் சொன்னாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார்."

மறுமுனையில் செருமல். "அது கிடக்கட்டும். பெரியவர் எப்படி இருக்கார்?"

"தூங்கறார் சார். குறட்டை போன்லயே கேட்டுச்சு."

"அப்பாடா," என்றார் சிடுமூஞ்சி.