இதுல யாருங்க பேஷண்ட்?

சம்பா வயலுக்கு மேல் ட்ரோன் எழும்பியபோது மணி பத்தரை. சுடர்விழி காலை மாத்திரையை ஏழு மணிக்கே விழுங்கியிருந்தாள். பம்ப்செட் கொட்டகையில் இருபது நிமிடம் தூங்கியும் எழுந்திருந்தாள். கண் தெளிவாக இருந்தது, கை நடுங்கவில்லை. வரப்பில் உழவர் குழுவின் ஆட்கள், வேளாண் அதிகாரி கவிப்ரியா, அண்ணன் அண்ணாதுரை, அண்ணி மேகலா எல்லோரும் நின்றார்கள். பூச்சிமருந்து அடிக்கக் குழுவுக்கு வந்தது ஒரே ட்ரோன். பயிற்சி முடித்தவர்கள் சுடர்விழியும் மேகலாவும்தான். இன்று யார் கை நேர்த்தியோ அவளுக்கே ட்ரோன். மேகலா முதலில் ஓட்டி, பாதி மருந்தைப் பக்கத்து வயலுக்குத் தானம் பண்ணிவிட்டு முகம் சிவந்து ஒதுங்கியிருந்தாள்.

இருபத்தைந்து வயது வரை ஊர் சுடர்விழியைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிட்டது. நாற்றுப் பறிக்கையில் தூங்கினாள், பேருந்தில் தூங்கி ஊரைத் தாண்டிப் போனாள். திட்டாத வாய் இல்லை. அப்பா அம்மா போனபின் வளர்த்த அண்ணன்தான், "இது சோம்பேறித்தனம் இல்ல, என்னமோ இருக்கு" என்று தஞ்சாவூருக்கு அழைத்துப்போனான். நார்கோலெப்சி, அடக்க முடியாத தூக்க நோய் என்றார் டாக்டர். தீராது, ஆனால் சமாளிக்கலாம். காலையும் மதியமும் மாத்திரை, பகலில் இரண்டு முறை குட்டித் தூக்கம், வண்டி ஓட்டக் கூடாது, மதியம் சோறு கம்மி. நெல் விளைகிற ஊரில் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்தால் சும்மா விடுவார்களா! அவளுக்குத் துணையாக அண்ணனும் ஒரு கரண்டியோடு எழுந்தான். மூன்றே மாதத்தில் அவன் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

நோய்க்கு இன்னொரு குசும்பும் உண்டு. வாய்விட்டுச் சிரித்தால் உடம்பு ஈரத்துணியாகத் துவண்டு விழுந்துவிடும். நினைவு தப்பாது. காது கேட்கும், கண் தெரியும், விரல் மட்டும் அசையாது. ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். மாத்திரை போட்டும் அது முழுசாகப் போகவில்லை. அதனால் அவள் வெளியே சிரிப்பதே இல்லை. அண்ணனோடு மட்டும், வீட்டில், பாயில் உட்கார்ந்தபின் சிரிப்பாள். அதற்கென்று ஒரு வசனம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் தலை முழுக்க வயர் ஒட்டித் தூக்கத்தைச் சோதித்த அன்று, துணைக்கு வந்த அண்ணன் நாற்காலியில் இடி இடிப்பது போல் குறட்டை விட்டான். நர்ஸ் ஓடிவந்து மூக்கால் கேட்டார்: "இதுல யாருங்க பேஷண்ட்?" அதை அதே குரலில் அண்ணன் சொன்னால் போதும், அவள் சாய்ந்துவிடுவாள். அவனும் தலையணையைப் போட்டுவிட்டுத்தான் சொல்வான்.

ட்ரோன் வேலை அவளுக்கென்றே வந்ததுபோல் இருந்தது. ஒரு பேட்டரியில் பத்து நிமிடம் பறக்கும், அப்புறம் சார்ஜ் ஏறும்வரை படுக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் செய்யலாம் என்று டாக்டரே கடிதம் கொடுத்திருந்தார். அதிகாரியிடம் அதைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது அண்ணன்தான் தடுத்தான். "இப்ப வேணாம் பாப்பா. வேலை கைக்கு வரட்டும், அப்பறமா குடுத்துக்கலாம்." அவன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை.

ட்ரோன் மூன்றாவது வரிசையைப் பிசகாமல் முடித்துத் திரும்பியது. "இதுல்ல கை!" என்றார் யாரோ பெரியவர். கவிப்ரியா தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள். சுடர்விழிக்கு மனம் நிறைந்து போயிருந்தது. அப்போது அண்ணன் வரப்போரம் நடந்துவந்து அவள் பின்னால் நின்றான். பாராட்டத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அவன் குனிந்து அவள் காதோடு, மூக்கால் சொன்னான்.

"இதுல யாருங்க பேஷண்ட்?"

சிரிப்பு கேட்டுக்கொண்டா வரும்? பீறிட்டது. ரிமோட் நழுவியது, முழங்கால் மடங்கியது, வரப்பிலிருந்து சரிந்து சேற்றில் விழுந்தாள். ட்ரோன் தன்பாட்டுக்கு அந்தரத்தில் நின்றது. கவிப்ரியா ரிமோட்டை எடுத்து அதை இறக்கினாள். கூட்டம் கூச்சலிட்டது.

அண்ணன்தான் முதலில் வயலில் குதித்தான். சேற்றுத்தண்ணீர் மூக்கில் ஏறாமல் அவள் தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். எப்போதும் ஏந்துகிற அதே பதம். வாய்தவறிச் சொல்லிவிட்டான், பாவம், பழக்கதோஷம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"என்னங்க ஆச்சு இவங்களுக்கு?" என்றாள் கவிப்ரியா.

"வியாதிங்க மேடம். மறைக்காதம்மா, மேடத்துக்கிட்ட சொல்லிருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல." ஏந்திய கையை எடுக்காமலே அண்ணன் கவிப்ரியாவை நிமிர்ந்து பார்த்தான். "மருந்தடிக்கிற மெஷினை இவகிட்ட எப்படிங்க குடுக்கறது? மேகலா பழகிக்கிருவா மேடம்."

அடப்பாவி, கடிதத்தைக் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தது நீதானே! அவளுக்கு நாக்கு புரளவில்லை. வாயோரம் இன்னும் சிரித்தபடி கோணியிருந்ததை அவளே உணர்ந்தாள். மேகலா வரப்பிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் சுடர்விழியின் கண்ணைப் பார்க்கவில்லை. கன்னத்துச் சேற்றை மட்டும் கட்டைவிரலால் மெதுவாக வழித்துவிட்டான்.

ஒரு நிமிடம் போயிருக்கும். விரல் நுனியில் உயிர் ஊர்ந்தது, பிறகு கழுத்தில். தலை நிமிர்ந்ததும் அவன் கையைத் தளர்த்தி, "எந்திரிம்மா" என்றான்.

அவள் தலையை அந்த உள்ளங்கையிலிருந்து எடுத்தாள். எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பார்க்க, தலையை அவளாகவே சேற்றில் வைத்துக்கொண்டாள்.