ஒன்பது நிமிட நிறுத்தம்

எங்கள் கூரியர் கிடங்கில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று தினமும் காலையில் தாள் போடுகிறவள் நான். நெரிசலான ஊர். ஒரு திருப்பத்தைத் தப்பாகப் போட்டால் அரை மணி நேரம் அம்போ. மேலாளர் தாளைப் படிக்கவே மாட்டார். "இதுல ரெண்டு நிமிஷம் கொறைக்க முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'ரெண்டு நிமிஷம்'.

ஆண்களோடு எட்டுப் பெண்களும் வண்டி ஓட்டுகிறார்கள், என் அக்கா உட்பட. ஆளுக்கு அறுபது பொட்டலம், ஒதுங்க ஓர் இடமில்லை. ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர் இருக்கிறது. இவர்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். வெயில் காலத்தில் அக்கா நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லா வழியும் தொட்டுப் போகும் சந்தையில் ஒரு தையல் கடை இருக்கிறது. அங்கே கழிப்பறை சுத்தம், தாழ்ப்பாளும் ஒழுங்காக விழும். கடைக்கார அம்மாவிடம் சொல்லிவைத்து, எட்டுத் தாளிலும் அந்தக் கடையை ஒன்பது நிமிட நிறுத்தமாகச் சேர்த்தேன். டெலிவரி என்று காட்ட ஆளுக்கொரு காலிப் பெட்டி. போகும், திரும்பி வரும்.

நாற்பது நாள் ஓடியது. ஒரு காலையில் 'ரெண்டு நிமிஷம்' எல்லோர் முன்னாலும் அந்தப் பெட்டி ஒன்றை மேசையில் போட்டார்.

"எட்டு வண்டியும் தெனம் ஒரே கடைக்கு. என்னம்மா கடத்துறீங்க?"

"ஒண்ணும் கடத்தல சார். அது பாத்ரூம்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் கடுத்தது. 'நீங்க' உடனே 'நீ' ஆகிவிட்டது.

"தாள்ல பொய் எழுதியிருக்க. அந்த நிறுத்தத்த எடு. இல்ல, நாளைக்கு வேலைக்கு வராத."

வேலை போனால் என்ன செய்வது என்று பயம்தான். ஆனால் அக்கா என்னவோ குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. கணினியில் உட்கார்ந்து தையல் கடையை அழித்தேன். அந்த இடத்தில் 'கழிப்பறை, ஒன்பது நிமிடம்' என்று தட்டினேன். ஆண்களின் தாளிலும் போட்டேன். அச்செடுத்து அவரிடம் நீட்டினேன்.

"பொய்ய எடுத்துட்டேன் சார். கையெழுத்துப் போடுங்க."

"தலைமை ஆபீஸ்ல இதப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"வண்டி ஓட்டுறவங்களுக்கும் வரும்னு நெனப்பாங்க."

"போட மாட்டேன்."

அக்கா நிமிர்ந்தாள். தன் வண்டிச் சாவியை அவர் முன்னால் வைத்தாள். "அப்ப நீங்களே ஓட்டுங்க சார். கெளம்பறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துருங்க. நடுவுல எடமில்ல."

மற்ற ஏழு சாவிகளும் மேசைக்கு வந்தன. பிறகு ஆண்களுடையதும். வாடிக்கையாளர்களின் அழைப்பில் தொலைபேசி ஓயாமல் அலறியது. அவர் எல்லோரையும் முறைத்துப் பார்த்தார். ஒருவரும் சாவியைத் திரும்ப எடுக்கவில்லை. கடைசியில் பேனாவை எடுத்து ஒவ்வொரு தாளாகக் கையெழுத்துப் போட்டார்.

வண்டிகள் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பின. தாளின் அடியில் தாமதத்துக்கான காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. வழக்கமாகப் போக்குவரத்து நெரிசல் என்றுதான் எழுதுவோம். அன்று எல்லாத் தாளிலும் 'மேலாளர்' என்று எழுதினேன்.