பத்துப் பிள்ளைகளுக்கான குப்பி

தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்துப் பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். பொடியில் நீரைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரம்தான். அதற்குள் போடாததைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பது விதி. பயிற்சியில் அப்படித்தான் குறித்துக்கொண்டேன். ஆனால் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு சுகாதாரப் பணியாளரும் எவ்வளவு மருந்தைக் கொட்டினார் என்று வாசிப்பார்கள். குறைவாகக் கொட்டியவருக்குக் கைதட்டுவார்கள். ஏழு பிள்ளைகளாவது சேராமல் திறப்பதில்லை என்று நானாகவே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். மார்ச் மாதம் எனக்குக் கைதட்டினார்கள். செவிலியர் கல்லூரியில் சேருவதற்காக மாலை வகுப்பில் மறுபடியும் உயிரியல் படிக்கிறேன். பரிந்துரைக் கடிதம் தரவேண்டியவர் என் மேலதிகாரி நம்வேரா சிஸ்டர். அவரும் கைதட்டினார்.

எங்கள் ஏரிக்கரை முகாமுக்கு எஸ்நாத் முதல் தடவை வந்தது ஏப்ரல் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. சில்வா ஏரிக்கு நடுவே உள்ள மீன்பிடித் தீவிலிருந்து, ஒன்பது மாத மகன் யாங்கோவோடு மூன்று மணி நேரம் தோணியில் வந்திருந்தாள். எடை பார்க்கத் தூக்கியபோது யாங்கோ என் சட்டையை நனைத்துவிட்டான். "இனிமே லைசன் டாக்டரு இவனுக்கு மாமா முறை" என்று வரிசையில் இருந்த ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் டாக்டர் இல்லை. ஏரிக்கரையில் ஊசி போடுகிற எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தட்டம்மை ஊசிக்கான வயதில் அன்று நான்கு பிள்ளைகள்தான் இருந்தார்கள். "மருந்து வரலக்கா. அடுத்த வாரம் வாங்க" என்றேன். குளிர்பெட்டிக்குள் இரண்டு குப்பிகள் இருந்தன. உண்மைக் காரணத்தைச் சொன்னால் வாதாடுவாள் என்று நினைத்தேன்.

பதினைந்தாம் தேதி மறுபடி வந்தாள். அன்று ஐந்து பேர். மதியம் வரை காக்கவைத்துவிட்டு, மருந்து இன்னும் வரவில்லை என்றேன். "என்ன, நடந்தா வருது?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். எஸ்நாத்தும் சிரித்தாள். தெற்குக் காற்று எழும்புவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவசரமாகத் தோணிக்குப் போனாள். அடுத்துக் கொடுத்த இருபத்திரண்டாம் தேதி அவள் வரவில்லை. 'வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன்.

மே முதல் வாரம், தீவில் தட்டம்மை என்று செய்தி வந்தது. நம்வேரா சிஸ்டரும் நானும் குளிர்பெட்டியோடு தோணியில் போனோம். எட்டாம் தேதியே போட்டிருந்தால் இருபத்திரண்டாம் தேதிக்குள் உடம்பில் எதிர்ப்பு வந்திருக்கும். போகும் வழியில் மூன்று முறை இதைக் கணக்குப் பார்த்தேன். நோய் யாங்கோவுக்கு வந்திருக்கக் கூடாது, வேறு யார் பிள்ளைக்காவது வந்திருக்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

யாங்கோவுக்குத்தான் வந்திருந்தது. உடம்பு முழுக்கத் தடிப்பு. இமைகள் பீளையில் ஒட்டிக்கிடந்தன. சிஸ்டர் இமைகளைத் துடைத்து விலக்கிப் பார்த்தார். வைட்டமின் சொட்டை வாயில் விட்டார். கருவிழி மங்குகிறது, பார்வை போய்விடலாம், நம் தோணியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

அதற்குமுன், நோய் வராத பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. பதினொரு பேர். முதல் குப்பி பத்துப் பேரோடு தீர்ந்தது. பதினோராவது பிள்ளைக்காக, சிஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்காமல் இரண்டாவது குப்பியின் மூடியைக் கட்டைவிரலால் தட்டித் திறந்தார்.

இந்தப் பிள்ளைகளை ஏன் ஊசிக்குக் கரைக்குக் கொண்டுவரவில்லை என்று அவர் கேட்டார். மீன் உலர்த்துகிற லிகினெட்தான் பதில் சொன்னாள். "எஸ்நாத் ரெண்டு வாட்டி போயிட்டு வந்தா சிஸ்டர். மருந்தே இல்லையாம்னு சொன்னா. அப்புறம் நாங்க எதுக்குத் துடுப்புப் போட்டுச் சாகணும்?"

ஏப்ரலில் குப்பிகளை எண்ணி என்னிடம் கொடுத்தவர் சிஸ்டர்தான்; மருந்து இருந்தது அவருக்குத் தெரியும். அவர் எஸ்நாத்தைப் பார்த்து, கிழமை மாறிப் போய்விட்டாயா என்று கேட்டார். தீவு முழுக்கச் சுற்றி நின்றது. எஸ்நாத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் தப்பான நாள்ல போயிட்டேன் போல சிஸ்டர். டாக்டரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவரு நல்லாத்தான் பேசினாரு." பிறகு என் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, உள்ளங்கைகளை மெல்லத் தட்டினாள். எங்களூரில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

நான் பெட்டியை மூடினேன். வாரை இறுக்கினேன். பயன்படுத்திய ஊசிகளை எண்ணினேன். பதினொன்று சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் வாய் திறந்தது.

"மருந்து இருந்துச்சு சிஸ்டர். ஏழு பேரு சேரலன்னு நான்தான் திறக்கல. வீணாப் போயிடும்னு..."

"ஏழு பேரா?" என்றாள் லிகினெட். "இங்கயே பதினோரு பேரு கிடந்தாங்களே. ஒரு பேச்சு சொல்லியிருந்தா ஒரே தோணியில ஏத்திக் கொண்டாந்திருப்போமே."

"கூட்டத்துல கைதட்டினது நானும்தான்" என்றார் சிஸ்டர். "அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா மருந்து இல்லன்னு பொய் சொல்லச் சொல்லி யாரும் உனக்குக் கைதட்டல, லைசன்."

எஸ்நாத் ஒன்றே ஒன்று கேட்டாள். "ரெண்டு நாளும் இருந்துச்சா?"

"ரெண்டு நாளும் இருந்துச்சுக்கா."

அவள் யாங்கோவைத் துணியில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தோணியில் ஏற வேண்டுமானால் பிள்ளையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் நின்றவன் நான். கைகளை நீட்டினேன். அவள் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள். சிஸ்டர் கரையில் பேசி முடித்து, கை கழுவி, மெதுவாக நடந்து வரும்வரை நின்று, பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

யாங்கோ பிழைத்துக்கொண்டான். வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. இடது கண்ணைப் பற்றி இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.