சென்றாயன் விட்ட இடைவெளி

மாரண்டஹள்ளிக் கடைவீதியில் தக்காளி லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் சென்றாயன் கை பட்ட ஸ்கூட்டரைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். எஞ்சினுக்குள் உட்கார்ந்து யாரோ நகத்தால் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவதுபோல டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கிற டேப்பட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் அதை அளவோடு வைப்பார்கள். சென்றாயன் கொஞ்சம் தாராளமாக வைப்பார். யாராவது குறை சொன்னால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"கொஞ்சம் பேசட்டும் வுடுங்க. பேசற டேப்பட் ஒண்ணும் பண்ணாது. வாயே தெறக்காம இருக்குது பாருங்க, அதுதான் உள்ளயே வால்வைத் தின்னுடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் இவ்வளவு பேச வேண்டுமா என்று அவர் மனைவி சுகுணா கேட்டதுண்டு. ஊரில் யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்கிற மனுஷன், பெண்டாட்டி சொல்லியா கேட்கப்போகிறார்?

அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு மலர்விழியின் ஸ்கூட்டருக்கு டேப்பட் இடைவெளி வைத்து மூடியைப் போட்டு முடுக்கிவிட்டு, "டீ போடு சுகுணா, இதோ வந்துடறன்" என்று பட்டறையிலிருந்து குரல் கொடுத்தார். பின்னால் இருந்த அடுப்படியிலிருந்து சுகுணா டீயோடு வந்தபோது வண்டிச் சக்கரத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூச்சு நின்றுபோயிருந்தது. டேப்பட் அளவு பார்க்க அவர் வைத்திருந்த பழைய சவர பிளேடு விரல் நடுவிலேயே இருந்தது.

கூடவே இருந்து கற்ற வேலைதான் என்பதால் பட்டறையை சுகுணாவே நடத்த ஆரம்பித்தாள். சென்றாயன் பார்த்த வண்டிகள் ஒவ்வொன்றாக சர்வீசுக்குத் திரும்பி வந்தன. அவள் அதே பிளேடை வைத்து அளவாக முடுக்கினாள். சத்தம் அடங்கியது. "அண்ணனை மிஞ்சிட்டீங்க" என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவளுக்குக் கசந்தது. ஒரு வண்டியின் சத்தம் நின்றால் ஊரில் அவர் அந்த அளவுக்குக் குறைந்துபோனார் என்றுதான் அவளுக்குப் பட்டது. கடைசியில் மலர்விழியின் வண்டி ஒன்றுதான் மிச்சம்.

மலர்விழிக்குப் பஞ்சப்பள்ளியில் பால் சோதிக்கிற வேலை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பட்டறை வழியாகத்தான் வீடு திரும்புவாள். தூரத்தில் டிக் டிக் கேட்டதும் சுகுணா அடுப்பில் பால் வைப்பாள். சத்தம் வாசலைத் தாண்டும்போது டீயை இரண்டு டம்ளரில் ஊற்றியிருப்பாள். ஒருநாளும் வெளியே எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் மலர்விழிதான் தெரிவாள். பார்க்காதவரைக்கும் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு வருவதாகவே வைத்துக்கொள்ளலாம். ஆறிப்போன இரண்டாவது டம்ளரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். வெளியே சொன்னால் பேய் பிடித்துவிட்டதென்று எந்தக் கோயிலுக்காவது இழுத்துப்போவார்கள் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்தக் கோடையில் மலர்விழி நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு குறையோடு வந்தாள். வண்டி சூடானால் மேட்டில் இழுக்கவில்லை, நின்றுவிடுகிறது, நின்றால் ஆறும்வரை கிளம்புவதில்லை என்றாள். வேறு யார் வண்டியாக இருந்தாலும் சுகுணா முதலில் டேப்பட் மூடியைத்தான் கழற்றியிருப்பாள். இதற்குப் பிளக்கை மாற்றிக் கொடுத்தாள். அடுத்த முறையும் தள்ளிக்கொண்டு வந்தபோது கார்ப்புரேட்டரைக் கழுவினாள்.

"டேப்பட் எதுனா பாக்கணுமாக்கா? எங்க ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு."

"அது நல்லாத்தான் இருக்குது கண்ணு. நான்தான் தெனமும் சாயங்காலம் கேக்கறனே."

அவள் பொய் சொல்லவில்லை. தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சத்தம் போடுகிற டேப்பட் இறுக்கமாக இருக்க முடியாது, அது தொழில் தெரிந்த எல்லாரும் ஒப்புக்கொள்வதுதான். தொழில் சொன்னதும் மனசு கேட்டதும் ஒன்றாகவே அமைந்துவிட்டதால் பட்டறையில் அந்த வண்டியைக் கிளப்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் மலர்விழியின் ஸ்கூட்டரைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் கட்டி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கத் தகடு நொறுங்கி, சீட் கிழிந்து தொங்கியது. மலர்விழி முழங்காலில் கட்டோடு மெதுவாக இறங்கினாள்.

"என்னாச்சு கண்ணு?"

"ஏரிக்கரை மேட்டுல நின்னுடுச்சுக்கா. உதைச்சு உதைச்சுப் பாக்கறன், கெளம்பவே இல்ல. மாந்தோப்புல இருந்து ஒத்தை யானை வெளிய வந்துச்சு. வண்டியப் போட்டுட்டுப் பள்ளத்துல உருண்டுட்டன். அது வண்டியத் தள்ளிப் பாத்துச்சு, சீட்டைக் கிழிச்சுச்சு, என் டிபன் பாக்ஸை எடுத்துப் போட்டு மிதிச்சுட்டு, அங்கயேதான் நின்னுச்சு. நான் மூச்சு வுடாம கெடந்தன்."

"எப்ப நடந்துச்சு?"

"நேத்து சாயங்காலம்தான்."

"நேத்தா? நேத்து எப்பவும் போற நேரத்துக்கு இப்படித்தான போன நீ?"

"எங்கக்கா போனன். பள்ளத்துல கெடந்தன். அப்புறமா எங்கண்ணன் ஆள் கூட்டிட்டு வந்து தீப்பந்தம் காட்டி என்னைக் கூட்டிட்டுப் போச்சு. வண்டி விடியறவரைக்கும் அங்கயே கெடந்துச்சு."

நேற்று சுகுணா டீ போட்டிருந்தாள். இரண்டு டம்ளர். சத்தம் பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து வந்து, வாசலைத் தாண்டி, சந்தைத் திருப்பத்தில் கரைந்துபோனதை அவள் காதால் கேட்டிருந்தாள்.

"சத்தம் போட்டுட்டுத்தான போவும் உன் வண்டி?" என்று கேட்டாள்.

"அந்த டிக்டிக்கா? அது நின்னு ரொம்ப நாளாச்சுக்கா. பொங்கல் போதே இல்ல. நீங்கதான் சர்வீஸ்ல சரி பண்ணீங்கன்னு நெனச்சன்."

சுகுணா வண்டியின் அருகே உட்கார்ந்தாள். எஞ்சின் விடிய விடியக் குளிர்ந்து கிடந்தது. டேப்பட் பார்க்க அப்படித்தான் இருக்க வேண்டும். மூடியின் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்தாள். அவர் கடைசியாக முடுக்கியவை. நான்கையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். எஞ்சினைக் குளிர்விக்கிற காற்றாடியைக் கையால் சுற்றி, வால்வுகள் மூடியிருக்கிற நிலையைக் காட்டும் T குறி கோட்டுக்கு நேராக வரும்படி நிறுத்தினாள்.

முதல் வால்வில் பிளேடு சிக்கிக்கொண்டுதான் நுழைந்தது. புகை வெளியேறுகிற பக்கத்து வால்வில் நுழையவே இல்லை. திருப்பி வைத்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். இடைவெளி என்று ஒன்றே அங்கு இல்லை. ஓடி ஓடி வால்வு உட்காருகிற இடம் தேய்ந்து, வால்வு மேலேறி, அவர் தாராளமாக விட்டுப்போனதை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. சூடானால் வால்வு மூடாது, மூடாவிட்டால் எஞ்சினுக்கு இழுவை ஏது? சின்னப் பையனுக்கும் தெரிகிற பழுது. இல்லாத ஒன்றைக் காவல் காத்து, ஒரு பெண்ணை யானைக் காலடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அப்படியென்றால் இத்தனை மாதம் வாசலைத் தாண்டிப் போனது எது? அந்தக் கேள்வி வந்ததும் பட்டப்பகலில் முதுகு சில்லிட்டது.

லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். பிளேடு நுழைந்தது. லேசாகப் பிடித்து இழுபட்டது. அதுதான் சரியான அளவு. இன்னும் ஒரு நூல் தளர்த்தினால் போதும், பழைய சத்தம் திரும்பிவிடும். சாயங்காலம் கேட்கிற சத்தத்துக்கு ஒரு வண்டி இருக்கும், வண்டியில் மலர்விழி இருப்பாள், பயப்பட ஒன்றும் இருக்காது. திருகின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மலர்விழி வலிக்கிற முழங்காலைத் தடவிக்கொண்டு ஸ்டூலில் காத்திருந்தாள்.

சுகுணா திருகை அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை முடுக்கினாள். பிளேடை இன்னொரு முறை இழுத்துப் பார்த்து மூடியைப் போட்டாள்.

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. பட்டறைக்குள் சீரான உறுமல் மட்டும் நிறைந்தது. "மேட்டுல இனி நிக்காது கண்ணு. என்மேலதான் தப்பு. முன்னாடியே தெறந்து பாத்திருக்கணும்" என்றாள். மலர்விழி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிர் பிழைத்ததே பெரிசு என்று சிரித்தாள். அண்ணன் வீடுவரை ஒரு நடை போய் வருகிறேன் என்று கிளம்பியும் போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுகுணா அடுப்படிக்குள் போகவில்லை. முதன்முறையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றாள். மலர்விழி சத்தமில்லாத வண்டியில் திரும்பி வந்து, கையசைத்துவிட்டு, சந்தைத் திருப்பத்தில் மறைந்தாள். தெரு காலியானது.

கொஞ்சநேரம் கழித்து பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து டிக் டிக் என்று வந்தது.

ரோட்டில் வெளிச்சம் இல்லை, வண்டி இல்லை. எதிர்க்கடை நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது. சத்தம் அவசரப்படாமல் நெருங்கி வந்து, எப்போதும்போல் தாண்டிப் போகாமல், பட்டறை வாசலில் அவளுக்கு நேர் எதிரே நின்று தட்டிக்கொண்டிருந்தது. சுகுணாவுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்த வேண்டும்போல் இருந்தது; கையை நீட்டித் தொடவும் வேண்டும்போல் இருந்தது.

"டேப்பட்டு வெச்சுட்டனுங்க" என்றாள். "அந்தப் புள்ள வண்டியிலயும் வெச்சுட்டன். உங்க வேலை ஒண்ணும் பாக்கியில்ல."

சத்தம் தட்டிக்கொண்டே இருந்தது.

"டீயும் போடலீங்க இன்னிக்கு. நீங்க கெளம்புங்க."

டிக் டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து நின்றது. நாய் சந்தைத் திருப்பம்வரை எதன் பின்னாலேயோ ஓடிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தது. சுகுணா உள்ளே போய், அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு டம்ளரில் ஒன்றை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கு மட்டும் பாலை அளந்து ஊற்றினாள்.