சீர்த்தட்டில் வந்த மாத்திரை

என் தங்கை ஒடெட் குண்டுதான். அதை நான் சொல்லலாம், அவளுக்குச் சட்டை தைத்தவள் நான். வேறு யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்கரித் அம்மாள் சொன்னாள். அதுவும் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை கப்ரியேலைப் பெற்றவள் என்ற மிதப்பில், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

"பொண்ணு லட்சணம்தான். கொஞ்சம் எளைச்சா மாதா கோயில்ல பாக்குறவங்க கண்ணுக்கு நல்லா இருக்கும்."

சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கப்ரியேல் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் சீர்த்தட்டு வந்தது. பழம், பட்டு, அவற்றோடு ஒரு சின்ன டப்பா. பாரிசிலிருந்து புதிதாக வந்த மாத்திரையாம். இங்கே சைகோனில் வெள்ளைக்கார மதாம்கள் எல்லாரும் இதைத்தான் சாப்பிடுகிறார்களாம். பட்டினி கிடக்க வேண்டாம், கொழுப்பு தானாகக் கரையும் என்று மார்கரித் அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். டப்பாவின் மேல் தினித்ரோபெனால் என்று எழுதியிருந்தது. அது என்ன எழவென்று எங்களுக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரன் டாக்டர் சீட்டுக் கேட்காமல் விற்றிருக்கிறான். நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை.

கரைந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வாரம் ஒரு தடவை கல்யாண உடையின் பக்கத்தையலைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தேன். முதல் வாரம் ஒரு விரற்கடை, அடுத்த வாரம் இரண்டு. "இன்னும் பிடிக்கலாமாக்கா?" என்று ஒடெட் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஏப்ரல் மாதத்துச் சைகோனில் யாருக்குத்தான் வேர்க்காது என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நலங்கு வைத்தோம். கடல் தாண்டி வந்தும் காரைக்கால் வழக்கத்தை அம்மா விடவில்லை. கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசினோம். மறுநாள் பார்த்தால் உடையின் உள்துணியில் அக்குள் பக்கமெல்லாம் மஞ்சள், தலையணையும் மஞ்சள். நலங்கு மஞ்சள்தானே என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அக்குளில் யாரும் மஞ்சள் பூசவில்லையே என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்கு மறுநாள் காலை காய்ச்சல். இந்த ஊரில் காய்ச்சல் என்றால் மலேரியா, மலேரியா என்றால் கொய்னா மாத்திரை. அம்மா கொய்னாவைக் கொடுத்து, வேர்த்தால் இறங்கிவிடும் என்று மூன்று கம்பளியைப் போர்த்தி, ஜன்னலையும் சாத்தினாள். வெந்துகொண்டிருந்தவளை நாங்கள் மூடி வைத்தோம். மதியத்துக்குள் ஒடெட்டுக்கு மூச்சு இரைத்தது.

"உள்ள எரியுதுக்கா. கம்பளிய எடு."

எடுத்தேன். அம்மா திரும்பப் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்மா."

"நலங்கு வச்ச பொண்ணு கோயிலுக்குப் போறவரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதுடி. மார்கரித்து காதுல விழுந்தா என்ன நெனப்பா?"

"அவ என்ன வேணா நெனச்சிட்டுப் போவட்டும்! இவ ஒடம்பு கொதிக்கிறது ஒனக்குத் தெரியலையா?"

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பெற்றவளென்றும் பார்க்காமல் தள்ளினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. காலையிலேயே தள்ளியிருக்க வேண்டும். ஒடெட்டை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

டாக்டர் வெள்ளைக்காரர். அவள் கழுத்து வேர்வையைத் துணியால் துடைத்து அந்த மஞ்சளைப் பார்த்தார், நலங்கு என்றேன். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு டப்பா ஞாபகம் வந்தது. அதன் மேலிருந்த பேரை டாக்டரிடம் சொல்லிவிட்டு, எத்தனை போட்டாய் என்று ஒடெட்டிடம் கேட்டேன். நாள் நெருங்குகிறதே என்று ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டாளாம்.

பெரிய யுத்தத்தின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதே மருந்தின் பொடியை அள்ளியவர்கள் இப்படித்தான் வேர்வை மஞ்சளாகி, உடம்பு கொதித்துச் செத்தார்கள் என்றார் டாக்டர். தின்ற சோற்றின் சக்தியை உடம்பு தன் வேலைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இந்த மருந்து அதைப் பிடிக்க விடாதாம். எல்லாம் வெறும் சூடாகவே போகும், கொழுப்பும் அப்படித்தான் எரிகிறது என்றார். மாற்று மருந்து கிடையாது. ஐஸ்கட்டியை அவளைச் சுற்றி அடுக்கினார்கள். அது கரைந்து தரையெல்லாம் ஓடியது. சூடு நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டியது. மாலை நாலரை மணிக்கு ஒடெட் செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது.

கப்ரியேல் ஆபீசிலிருந்து நேராக ஓடி வந்தான். சேதி கேட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்று அழுதான்.

"அவ எளைக்கணும்னு நான் கேக்கவே இல்லக்கா. எனக்கு அவள இருந்தபடியே பிடிச்சிருந்துச்சு."



"அத யாருகிட்ட சொன்னே?"

அவன் தொப்பியின் விளிம்பைத் திருகினான்.

"ஒங்கம்மாகிட்ட சொன்னியா? ஒடெட்டுகிட்ட சொன்னியா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுகிட்ட எப்படிக்கா பேசுறது..."

அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். ஈரத் தரையில் இழுத்துக்கொண்டு போய் அவள் கட்டிலருகே நிறுத்தினேன்.

"இப்பச் சொல்லு," என்றேன். "அவ காதுல விழுற மாதிரி சொல்லு."